நிறைமதி சொன்னது

“அப்பா தண்ணி ஊத்தறேன்” என்று மாதேசன் சொன்னான். சொல்லிவிட்டு, பின்னால் வேறு யாரோ பேசியதுபோலத் திரும்பிப் பார்த்தான். அடுப்படியில் அவனையும் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த, இன்னும் பேச்சு வராத மகள் நிறைமதியையும் தவிர ஒருவரும் இல்லை, மனைவி கோகிலா காலை வேனுக்கே தையல் கம்பெனிக்குப் போய்விட்டாள், அங்கே ஜெனரேட்டர் இருக்கிறது, அவன் வேலை பார்க்கும் தறிப்பட்டறைக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது, பராமரிப்பு என்று மாதத்தில் ஒருநாள் மின்சாரத்தை நிறுத்தினால் பள்ளிபாளையத்தின் இந்தத் தெரு மொத்தமும் வாயைப் பொத்திக்கொள்ளும், இன்றைக்கு அந்த நாள். தறிச் சத்தம் நின்றபோது காதுக்குள் பஞ்சை அடைத்த மாதிரி இருந்தது. இப்போது அந்தப் பஞ்சுக்குள் தன் குரலே ஒரு தகர டப்பா உருண்டதுபோல விழுந்ததும் அவனுக்கு வெட்கமாகிவிட்டது. பட்டறையில் பேசுவதென்றால் கத்துவதுதான், கத்திக் கத்தித் தொண்டை இந்த அளவில்தான் நிற்கும்போல, குழந்தையிடம் எந்த அளவில் பேசுவது என்று ஆஸ்பத்திரி ரெபேக்கா சொல்லவில்லையே. நிறைமதி கையிலிருந்த கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அவனையே நிமிர்ந்து பார்த்தாள், பயந்துவிட்டாளா, இல்லை, கேட்கிறாளா, பயத்துக்கும் கேட்பதற்கும் முகத்தில் என்ன வித்தியாசம் என்று அவனுக்குத் தெரியவில்லை. “அப்பா… தண்ணி… ஊத்தறேன்” என்று இந்தத் தடவை ரகசியம் சொல்வதுபோலச் சொன்னான். அப்புறம் நிறுத்தினான். நிறுத்தச் சொல்லியிருக்கிறாள். பெரியாஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அந்த நாகர்கோவில் பெண் ரெபேக்கா, குழந்தையின் காதில் எதையெதையோ மாட்டிச் சோதித்த ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “அண்ணே, பிள்ளைக்க காது நல்லா கேக்கு, அதுல பயமே வேண்டாம்” என்றாள், அதைக் கேட்டுக் கோகிலா அழுதாள், நல்ல சேதிக்கு எதற்கு அழுகிறாள் என்று அவனுக்கு அப்போது விளங்கவில்லை. காதில் கோளாறு என்றால் கோளாறு காதில் இருக்கும், காது நன்றாக இருந்தால் கோளாறு எங்கே இருக்கிறது என்ற கேள்வி வீட்டுக்குள் வந்துவிடுமே, அதற்காக அழுதிருப்பாளோ. ரெபேக்கா சொல்லிக்கொண்டே போனாள், “நீங்க என்ன செய்யியளோ அதைச் சொல்லிகிட்டே செய்யுங்க, குளிப்பாட்டும்போ, சோறு ஊட்டும்போ, துணி மடக்கும்போ. இது என்ன, அது என்னன்னு பரீட்சை வைக்காதீங்க. நீங்க சொல்லுங்க, சொல்லிட்டுக் கொஞ்சம் சும்மா இருங்க, பிள்ளைக்கு ஒரு இடம் விடணும்லா?” கொஞ்சம் என்றால் எவ்வளவு. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவன் எதைத்தான் யாரிடம் கேட்டிருக்கிறான். பானைத் தண்ணீர் சொம்பில் நிறைந்து விளிம்பில் வழிந்து அவன் கால்மேல் ஊற்றியது, நிறைமதி வழிகிற தண்ணீரைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

சோறும் பருப்பும் பிசைந்து எடுத்துவந்து எதிரில் உட்கார்ந்ததும் அடுத்த சிக்கல் வந்தது. இதைச் சோறு என்பதா, மம்மு என்பதா. கோகிலா சாதம் என்பாள், பக்கத்து வீட்டுச் சரசு, அவன் பட்டறைக்கும் கோகிலா கம்பெனிக்கும் போகிற நாளில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறவள், புவ்வா என்பாள். ஒரே கிண்ணத்தில் இருக்கிற ஒரே வஸ்துவுக்கு நாலு பெயர், இதில் எந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்துச் சொல்வது என்று குழந்தைக்கே குழப்பமாகி, சரி, எல்லாரும் ஒரு முடிவுக்கு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்கிறாளோ என்னவோ. தண்ணீரும் அப்படித்தான், அவன் தண்ணி என்பான், நாளைக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போக வேண்டியவள் என்று கோகிலா வாட்டர் என்பாள். எப்படிச் சொன்னாலும் சரிதான், நீங்க வீட்டுல பேசுத பேச்சுதான் நல்ல பேச்சு என்று ரெபேக்கா சொன்னாள், ஆனால் அவன் வீட்டில் பேசுகிற பேச்சு என்று எது இருக்கிறது. பட்டறையில் பத்துத் தறிக்கு நடுவில் நின்றுகொண்டு யாரும் வாயால் பேசுவதில்லை, நூல் அறுந்தால் இரண்டு விரலைப் பிரித்துக் காட்டுவது, டீ என்றால் கட்டை விரலை வாயருகே சாய்ப்பது, முதலாளி வருகிறார் என்றால் மீசையைத் தடவுவது, ஒருவன் வீட்டில் சண்டை என்றால் அவன் தோளைப் பார்த்தே இன்னொருவனுக்குத் தெரியும். அங்கே அவன் கெட்டிக்காரன். வீட்டுக்கு வந்தாலும் கை அப்படியேதான் பேசும். நிறைமதிக்கு அது தோதாகப் போயிற்று, அவள் மூக்கைச் சுருக்கினால் உப்பு அதிகம், காதைப் பிடித்தால் தூக்கம், அவன் முழங்காலில் கையை வைத்து அழுத்தினால் தூக்கிக்கொள், எல்லாம் அவனுக்குத் தெரியும், கோகிலாவுக்குக்கூட அவ்வளவு தெரியாது. “உங்களுக்கு மட்டும் எப்படீங்க வெளங்குது?” என்று அவள் கேட்கும்போது அவனுக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். “சோறு” என்றான். “பாப்பாவுக்கு… சோறு.” அவள் வாயைத் திறந்தாள். ஊட்டினான். “பருப்பு” என்றான், அதுவும் சோற்றோடுதானே கலந்திருக்கிறது, அதைத் தனியாகச் சொன்னால் எதைச் சொல்கிறான் என்று அவளுக்கு எப்படித் தெரியும், சொல் ஒரு பக்கமும் சோறு ஒரு பக்கமுமாகப் போகிறதே என்று நினைத்துக்கொண்டே இன்னொரு கவளம் ஊட்டினான், அப்புறம் பேச எதுவுமில்லை, சாப்பாட்டைப் பற்றி ஒரு மனுஷன் எவ்வளவுதான் பேச முடியும். சரசுவின் பையன் இவளைவிடச் சின்னவன், போன வாரம் மாடியில் நின்று காக்கா வா, காக்கா வா என்று கூப்பிட்டான், துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கோகிலா பிழிந்த துணியையே திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் உப்பே இல்லை. அவன் அப்படியே சாப்பிட்டு எழுந்தான்.

வாய் துடைத்துவிட்டதும் நிறைமதி அவன் சுண்டு விரலைப் பிடித்து எழுப்பிக்கொண்டு போனாள், அலமாரிக்கு முன்னால் நிறுத்தினாள். மேல் தட்டில் கூடையில் கொய்யாப்பழம் இருக்கிறது, நேற்று அவன் வாங்கிவந்தது, அவளுக்கு அதைக் கடித்து உள்ளே சிவப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதில் ஒரு ஆசை, சாப்பிடுவதுகூட அப்புறம்தான். அவள் அவன் விரலை மேலே தள்ளினாள், அவன் கை தானாக எழுந்தது, பாதியில் நின்றது. உடனே எடுத்துக் கொடுக்காதீங்க அண்ணே, அவ கேக்கதுக்கு ஒரு சமயம் குடுங்க என்று ரெபேக்கா சொல்லியிருந்தாள். அவன் கையைக் கீழே இறக்கினான். அவள் திரும்ப விரலைத் தள்ளினாள். அவன் நின்றான். தெரிந்துகொண்டே தெரியாதவன்போல நிற்பது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது, கண்ணை என்ன செய்வது, பொண்ணு பார்க்கப் போன அன்றைக்கு இப்படித்தான் நின்றான், “பேசவே மாட்டீங்களா?” என்று கோகிலா கேட்டாள், சிரித்தான், நல்ல குணம் என்று அவள் எடுத்துக்கொண்டாள், இரண்டு வருஷம் கழித்து ஒரு சண்டையில், செவுத்துக்கிட்டப் பேசறாப்பல இருக்குதுங்க உங்ககிட்டப் பேசறது என்றாள். நிறைமதி இப்போது விரலை விட்டுவிட்டுத் தலையைப் பின்னால் சாய்த்து அவனைப் பார்த்தாள். இதுவரைக்கும் அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல, இது யார், நம் ஆள்தானா என்று பார்ப்பதுபோல. “கொய்யா” என்றான் அவசரமாக, “கொய்யாப்பழம், கொய்யா வேணுமா சாமி, கொய்யா”, கேள்வி கேட்கக் கூடாது, கேட்டுவிட்டான், “கொய்யா” என்று மட்டும் திரும்பச் சொன்னான், அவள் உதடு கோணியது, கோணி, நடுங்கி, அழுகை வந்துவிட்டது, சத்தமில்லாத தெருவில் அந்த அழுகை எதிர்வீடு வரைக்கும் போயிருக்கும். அவன் கூடையோடு எடுத்துக் கீழே வைத்தான். அவள் ஒரு பழத்தை எடுத்துக் கடிக்காமலே வீசினாள், அது கட்டிலுக்கு அடியில் உருண்டது. இன்னொன்றையும் வீசினாள். ரெபேக்கா மறுக்கச் சொல்லவில்லை, கொஞ்சம் பொறுக்கத்தான் சொன்னாள், அந்தக் கொஞ்சம்தான் அவன் கைக்குப் பிடிபடவில்லை, கொஞ்சத்துக்கு முன்னால் கொடுத்தால் சொல் வராது, கொஞ்சத்துக்குப் பின்னால் கொடுத்தால் பிள்ளை போய்விடும்போல இருக்கிறது. தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, “அப்பா கெட்டவன், அப்பா கெட்டவன்” என்றான். இதையும் அவள் கேட்டுக்கொண்டிருப்பாள் என்று அப்புறம்தான் உறைத்தது, காது நன்றாகக் கேட்கிற பிள்ளை.

தூங்க வைக்கிற நேரத்தில் போன் அடித்தது, சாப்பாட்டு இடைவேளையில் கோகிலா. “பேசறீங்களா அவகிட்ட?” “பேசறேன்.” “என்ன பேசுனீங்க?” அவன் யோசித்தான். “தண்ணி. சோறு. கொய்யா.” மறுமுனையில் ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் கேட்டது. “அவ்வளவுதானா?” “இன்னும் இருக்குது. ஞாபகம் இல்ல.” “எதாச்சும் சொன்னாளா?” “இல்ல.” “எங்கம்மா வசம்பு ஒரசி நாக்குல வெக்கச் சொல்றாங்க. அந்த ஆஸ்பத்திரிப் புள்ள வேண்டாம்னு சொல்லுச்சு. எதைத்தாங்க கேக்கறது?” “தெரியல கோகிலா.” “உங்களாட்டவே லேட்டாப் பேசுவாளா இருக்கும்” என்றாள், இதை அவள் சில நாள் ஆறுதலாகச் சொல்வாள், சில நாள் குற்றமாகச் சொல்வாள், இன்றைக்கு எது என்று அவனுக்குப் பிடிபடும் முன்னால் போனை வைத்துவிட்டாள். அவன் நாலு வயது வரைக்கும் பேசவில்லையாம். பட்டறைக்குள் கட்டிய தூளியில் வளர்ந்தவன், தறிச் சத்தத்துக்குள் யார் பேசினார்கள் அவன் திருப்பிப் பேச. அப்படியென்றால் இவள் அவனைப்போல, அதனால் பயமில்லை. இல்லை, அவனைப்போல, அதனால்தான் பயம். இரண்டும் ஒரே வாக்கியமாக இருக்கிறதே என்று நிறைமதியின் பக்கத்தில் படுத்தபடி அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவள் தூக்கத்தில் உதட்டைச் சப்பினாள். விசிறி சுற்றாததால் கழுத்தடியில் வேர்த்திருந்தது, முறத்தை எடுத்து விசிறினான், விசிற விசிற இன்னொரு நினைப்பு மேலே வந்தது, அது வரக்கூடாது என்று புரண்டு படுத்தும் வந்தது. அவள் பேசாமல் இருந்தது அவனுக்குப் பிடித்திருந்தது. ஊரில் எல்லாரும் அவனிடம் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தார்கள், இவள் ஒருத்திதான் எதிர்பார்க்கவில்லை, ஷிப்டு முடிந்து வந்து இவள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், இரண்டு பேரும் சுவரில் ஓடுகிற பல்லியைப் பார்ப்பார்கள், அவள் பார்ப்பாள், அவன் பார்ப்பான், முடிந்தது, அதைவிட நல்ல பேச்சு ஒன்று இருப்பதாக அவனுக்குத் தோன்றியதே இல்லை. அவளுக்கு வேண்டியதெல்லாம் அவள் கேட்கும் முன்னாலேயே எடுத்து எடுத்துக் கொடுத்து, சொல்லுக்கு வேலையே இல்லாமல் செய்துவிட்டானோ. அன்பாக இருந்ததுதான் தப்பாகப் போயிற்றா, அன்பில் எந்த இடத்தில் தப்பு ஆரம்பித்தது, நூல் அறுந்தால் தறியை நிறுத்திப் பின்னால் போய் அறுந்த இழையைத் தேடிப் பிடித்துவிடலாம், இதில் எங்கே போய்த் தேடுவது. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் பெயர் கேட்பார்கள். அவன் இருக்க மாட்டான் பக்கத்தில். இவள் மூக்கைச் சுருக்குவாள், அங்கே யாருக்கும் தெரியாது. அவன் முறத்தை வைத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தான், அவளைத் தொட வேண்டும்போல இருந்தது, தொட்டால் எழுந்துவிடுவாள், தொடவில்லை.

வெயில் தாழ்ந்த பிறகு அவளே எழுந்தாள். அவள் முகத்தைக் கழுவிவிட்டபடி, “முகம், அப்பா முகம் கழுவறேன், கண்ணு, காது” என்று கைபாட்டுக்கு வேலை செய்ய வாய்பாட்டுக்கு ஒப்பித்துக்கொண்டே வந்தவன், கன்னத்தருகே வந்ததும் நின்றுவிட்டான், காலையிலிருந்து பேசியதில் அவனுக்கு ஒரு மாசப் பேச்சு தீர்ந்துபோயிருந்தது. பேசாமல் அவளைத் தூக்கிவந்து வாசற்படியில் உட்கார்த்தித் தானும் உட்கார்ந்தான். இனி முடியாது, கொஞ்ச நேரம் இப்படியே இருக்கலாம், யாரும் பார்க்கவில்லை. மின்சாரம் இன்னும் வரவில்லை. எதிர்வீட்டில் யாரோ பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது, தூரத்தில் பால்காரரின் வண்டி, வேறொன்றும் இல்லை. நிறைமதி அவன் தொடையில் ஒரு கையை ஊன்றி எழுந்து நின்றாள், தெருவைப் பார்த்தாள், “ம்பூ” என்றாள். அவனுக்கு அது இருமல்போலக் கேட்டது. எச்சில் குமிழி வெடித்திருக்கும். அவள் அவனைத் திரும்பிப் பார்த்து, “ம்பூ” என்றாள், அதே மாதிரி, அச்சில் வார்த்ததுபோல அதே மாதிரி. அவன் தெருவைப் பார்த்தான். பூவா, பூ எங்கே இருக்கிறது, இந்தத் தெருவில் ஒரு செடி கிடையாது. பூனையா, இல்லை. பம்பா, பம்பு ஓடவில்லை. எதிர்வீட்டுக் கதவு, கதவில் ஒட்டிய திருஷ்டிப் படம், மூடிய பட்டறை, படுத்திருந்த நாய், கம்பியில் ஒரு துணி, அவள் கண் போகிற வழியிலேயே அவனும் கண்ணைச் செலுத்தினான், அது எல்லாவற்றின்மேலும் பட்டு எதிலும் நிற்கவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதே அவனுக்குப் புதிதாக இருந்தது, மூக்கு, காது, விரல் என்று எல்லாக் குறியையும் துழாவிப் பார்த்தான், முகம் எதையும் கேட்கவில்லை, அழவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை, எதுவும் வேண்டாதவள் சும்மா நின்றுகொண்டு எதையோ சொல்கிறாள். சொல்லிவிட்டு அவன் வாயைப் பார்க்கிறாள். ஓ, இப்போது நான் ஏதாவது சொல்ல வேண்டும்போல. என்ன சொல்வது, சத்தம் கொடுத்தால் அதே சத்தத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று ரெபேக்கா சொன்னாளே, “ம்பூ” என்றான். நிறைமதியின் முகம் முழுக்க விரிந்தது. “ம்பூ!” என்றாள். “ம்பூ” என்றான். நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. அவளுடைய முறை, அவனுடைய முறை, அவளுடைய முறை, ஒரு தடவை அவன் தாமதித்தபோது அவள் உதட்டை அழுத்திக்கொண்டு பொறுமையாக நின்றாள், கொஞ்சம் என்பது இவ்வளவுதானா, இதுவா அது. ஆனால் இது பேச்சா. அர்த்தமில்லாத ஒன்றை இரண்டு பேர் சொல்லிக்கொண்டிருந்தால் அது பேச்சாகிவிடுமா. அவளுக்கு அர்த்தம் இருக்கிறது, அவனுக்குத்தான் இல்லையா. சந்தோஷப்படலாமா கூடாதா என்று யாரிடமாவது கேட்டுக்கொண்டு வந்தால் தேவலை என்று இருந்தது, நெஞ்சு அதற்குள் தன்பாட்டுக்கு அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது.

தெருமுனையில் வேன் நின்றது, கோகிலா இறங்கித் தோள்பையைச் சரிசெய்துகொண்டு வந்தாள், நாளெல்லாம் குனிந்து தைத்த கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து நடந்துவந்தாள். சொல்லலாமா. சொன்னால் எங்கே, சொல்லச் சொல்லுங்க பார்க்கலாம் என்பாள், இவள் சொல்ல மாட்டாள், அப்புறம் கோகிலா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுவாள், போன மாதம் அம்மா என்று சொன்னதாக நினைத்து ஊரெல்லாம் போன் போட்டுச் சொல்லிவிட்டு அப்படித்தான் அழுதாள். சொல்லாமல் இருந்துவிடலாம், அதுதான் அவனுக்குக் கைவந்தது. அவள் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு மற்றதைக் கழற்றக் குனிந்தபோது வழக்கம்போலக் கேட்டாள், பதிலை எதிர்பார்க்காமல் கேட்டாள், “எதாச்சும் சொன்னாளா?”

“சொன்னா” என்றான் மாதேசன்.

அவள் குனிந்தபடியே நின்றாள். “என்ன சொன்னா?”

“தெரியல. எனக்கு வெளங்கல கோகிலா. என்னமோ சொன்னா, எங்கிட்டத்தான் சொன்னா, என்னைப் பாத்துச் சொன்னா, நானும் தெருவெல்லாம் தேடிப் பாத்துட்டேன், என்னன்னே வெளங்கல.” சொல்லச் சொல்லத் தன் குரல் ஏன் இப்படி உடைகிறது என்றும், இவ்வளவு நீளமாக எப்போது பேசினோம் என்றும் அவனுக்குத் தெரியவில்லை. கோகிலா ஒற்றைச் செருப்போடு படியில் உட்கார்ந்தாள். அவ பொறந்து இத்தனை நாள்ல உங்களுக்கு வெளங்காதது ஒண்ணு அவகிட்ட இருக்குதா என்று கேட்கிற மாதிரி அவனைப் பார்த்தாள், ஆனால் கேட்டது அது இல்லை. “எப்படிச் சொன்னா? அப்படியே சொல்லுங்க.”

“ம்பூ.”

“பூவா? பூனையா? அம்மாவத்தான் அப்படி…”

“இல்ல. அப்படி இல்ல. ம்பூ.”

“ம்ப்பூ?”

“ம்பூ” என்றான் அவன், பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்ப்பதைக்கூடக் கவனிக்காமல். கோகிலா இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள், அவன் திருத்தினான், அவள் திரும்பச் சொன்னாள். நிறைமதி இருவருக்கும் நடுவில் நின்று, முதலில் அம்மாவின் வாயையும் அப்புறம் அப்பாவின் வாயையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கோகிலாவின் முழங்காலில் ஒரு கையையும் அவன் முழங்காலில் ஒரு கையையும் வைத்து, இருவரும் அடங்கும்வரை இருந்துவிட்டு, அவர்களுக்குப் புரியும்படியாக, மெதுவாக, இன்னொரு தரம் சொன்னாள்.

அப்போதும் அவர்களுக்குப் புரியவில்லை.